மூளைக்கட்டி மருத்துவம்: தெரிவு யாருடையது?

நம் தொடர்கதைகளும் திரைப்படங்களும் மூளைக்கட்டியைக் கையாளும் விதம் நாம் அனைவரும் அறிந்ததே. கதாநாயகிக்கு அடிக்கடி தலைவலி வரும். ஒருநாள் மயங்கி விழுவாள். மருத்துவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றியவாறே அவளுடைய தந்தையையோ கணவனையோ தனியறைக்கு அழைத்து, மூளையில் கட்டி என்பார். அவளுக்குத் தெரிய வேண்டாம் என்பது அடுத்த வசனமாக இருக்கும். அதன்பின் எஞ்சுவன கண்ணீரும் ஒரு பாடலுமே. கதையை முடிக்க ஒரு மரணம் தேவைப்பட்டது, அதற்கு ஒரு நோய் வாய்த்தது என்ற அளவில் இதை விட்டுவிடலாம். ஆனால் இந்தக் காட்சி இரண்டு நம்பிக்கைகளை நம் மனத்தில் ஆழ ஊன்றிவிட்டிருக்கிறது. மூளைக்கட்டி என்பது ஒரே நோய், அதற்கு ஒரே முடிவுதான் என்பது முதலாவது. அந்தச் செய்தியைக் கேட்கக் கூடாத ஒரே ஆள் நோயாளிதான் என்பது இரண்டாவது. முதலாவது அறிவின் பிழை. இரண்டாவது அறத்தின் பிழை. இவ்விரண்டையும் சேர்த்தே இங்குப் பேச விழைகிறோம்.

முதலாவதை முதலில் எடுத்துக்கொள்வோம். உலக சுகாதார நிறுவனம் 2021-இல் வெளியிட்ட வகைப்பாட்டின்படி மூளையிலும் அதைச் சார்ந்த நரம்பு மண்டலத்திலும் தோன்றும் கட்டிகள் நூற்றுக்கும் மேற்பட்ட வகையின. தமிழில் கட்டி என்னும் ஒரு சொல்லால் நாம் குறிப்பவற்றுள் சில ஆண்டுக்கணக்கில் அசையாது கிடப்பவை. சில மாத்திரைக்கே சுருங்குபவை. சில எவ்வளவு வெட்டினாலும் மீண்டும் முளைப்பவை.

மூளையைப் போர்த்தியிருக்கும் உறையில் தோன்றும் மெனிஞ்சியோமா என்னும் கட்டியை எடுத்துக்கொள்வோம். 1922-இல் இப்பெயரைச் சூட்டியவர் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங். பெரும்பாலும் தீங்கற்றது, மெல்ல வளர்வது. சிறியதாகவும் தொல்லை தராததாகவும் இருந்தால், குறித்த இடைவெளிகளில் படம் எடுத்துப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதே ஒரு மருத்துவ வழியாகும். வளர்ந்தால் அறுவை உண்டு. சுவீடனின் லார்ஸ் லெக்செல் 1951-இல் முன்வைத்த கருத்திலிருந்து பிறந்த கதிர் அறுவையும் உண்டு; கத்தியின்றிப் பல திசைகளிலிருந்து மெல்லிய கதிர்களை ஒரே புள்ளியில் குவிக்கும் முறை அது. குஷிங் 1910-இல் லெனர்டு வுட் என்னும் அமெரிக்கத் தளபதிக்கு இக்கட்டியை அகற்றினார். அவர் அதன்பின் தம் நாட்டு இராணுவத்தின் தலைமைப் பொறுப்பை வகித்தார். 1920-இல் குடியரசுத் தலைவர் வேட்பாளராகப் போட்டியிட முயன்றார். பிலிப்பைன்சின் ஆளுநராகவும் பணியாற்றினார். கட்டி மீண்டும் வளர்ந்து 1927-இல் மறு அறுவைக்குப் பின் அவர் இறந்தார். இடைப்பட்ட பதினேழு ஆண்டுகளை ஒரு முழு வாழ்க்கை என்றே சொல்லவேண்டும்.

மூளையின் அடிப்பகுதியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியில் தோன்றும் கட்டிகள் பலவற்றை மண்டையைத் திறக்காமலே மூக்கின் வழியாகச் சென்று எடுக்கிறார்கள். அவற்றுள் புரோலாக்டின் சுரக்கும் வகைக்குப் பெரும்பாலும் அறுவையே வேண்டியதில்லை. கேபர்கோலின் போன்ற மாத்திரைகளால் கட்டி சுருங்குகிறது. சிறுமூளையில் குழந்தைகளுக்கு வரும் மெடுல்லோபிளாஸ்டோமா கொடிய வகைதான். ஆயினும் அறுவை, மூளைக்கும் தண்டுவடத்துக்கும் கதிர்வீச்சு, பிறகு மருந்து என்று முறையாகச் சென்றால், நோய் பரவாத நிலையில் கண்டறியப்பட்ட பிள்ளைகளில் பெரும்பாலோர் ஐந்தாண்டுகளைக் கடந்து வாழ்கிறார்கள். வளரும் மூளையைக் கதிர் சிதைக்குமென்பதால் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ முயல்கிறார்கள். சுற்றியுள்ள நல்ல திசுக்களில் கதிரின் அளவைக் குறைக்கும் புரோட்டான் சிகிச்சை 2019 முதல் சென்னையிலேயே கிடைக்கிறது.

வேறு உறுப்பில் தோன்றி மூளைக்குப் பரவும் புற்றும் உண்டு. அமெரிக்க முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டர் 2015 ஆகஸ்டில், தம் தோல்புற்று மூளையில் நான்கு இடங்களில் பரவியிருப்பதாகத் தாமே அறிவித்தார். அப்போது அவருக்கு வயது தொண்ணூறு. கதிர்வீச்சும் உடலின் எதிர்ப்பாற்றலைத் தூண்டும் பெம்பிரோலிசுமாப் என்னும் மருந்தும் அளிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் புற்றின் தடயம் இல்லையென்றார்கள். அவர் மறைந்தது 2024 டிசம்பரில், தம் நூறாம் வயதில். மூளையில் கட்டி என்ற செய்தியோடு முடிந்துவிடும் நம் கதைகளுக்கு இந்த ஒரு வாழ்க்கையே போதிய மறுப்பு.

எனினும் நம்பிக்கையூட்டும் உதாரணங்களை மட்டும் அடுக்கிவிட்டு நகர்ந்தால், அது மற்றொரு பொய்யாகிவிடும். பெரியவர்களுக்கு மூளையிலேயே தோன்றும் கொடிய கட்டிகளுள் மிகுதியாகக் காணப்படுவது கிளையோபிளாஸ்டோமா. இதற்கு எல்லையே கிடையாது. கட்டியின் வேர்கள் நல்ல மூளைக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடியிருக்கும். அறுவை மருத்துவர் எடுத்தது பழத்தை மட்டுமே. விதைகள் மண்ணில் கிடக்கின்றன.

இந்நோய்க்கு இன்றும் அடிப்படையாக இருக்கும் மருத்துவ முறை 2005-இல் உறுதிப்பட்டது. இயன்றவரை அறுவை, பிறகு ஆறு வாரங்களில் முப்பது முறை கதிர்வீச்சு, அதனுடன் நாள்தோறும் டெமோசோலமைடு என்னும் மாத்திரை, அதன்பின் அதே மாத்திரை மாதத்தில் ஐந்து நாள் வீதம் ஆறு சுற்று. 573 பேரைக் கொண்டு நடந்த அந்த ஆய்வில், கதிர்வீச்சு மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 12.1 மாதம், மாத்திரையும் சேர்த்துப் பெற்றவர்களுக்கு 14.6 மாதம். வேறுபாடு இரண்டரை மாதம்.

இந்த எண்ணை எப்படி வாசிப்பது என்பதும் ஓர் இலக்கியக் கேள்விதான் என்று நாம் கருதுகிறோம். இரண்டரை மாதத்துக்கா இவ்வளவு பாடு என்று ஒருவர் கேட்கலாம். ஆனால் அதே ஆய்வில் இரண்டாண்டுகளுக்குப் பின் உயிரோடிருந்தவர்கள் ஒரு பிரிவில் நூற்றுக்குப் பத்துப் பேர். மறு பிரிவில் நூற்றுக்கு இருபத்தாறு பேருக்கு மேல். இடைநிலை ஆயுள் என்பது பாதிப்பேர் அதற்கு முன்னும் பாதிப்பேர் அதற்குப் பின்னும் இறந்தார்கள் என்பதைத்தான் சொல்கிறது. குறிப்பிட்ட ஒரு மனிதர் எந்தப் பாதியில் இருக்கிறார் என்று அது சொல்வதில்லை. உயிரியலாளர் ஸ்டீபன் ஜே கூல்டு தமக்கு வந்த வேறொரு அரிய புற்றைப் பற்றி 1985-இல் எழுதிய கட்டுரையின் சாரமே இதுதான். எட்டு மாதம் என்று புள்ளிவிவரம் சொன்ன நோய் 1982-இல் அவருக்குக் கண்டறியப்பட்டது. அவர் அதைக் கடந்து இருபதாண்டுகள் வாழ்ந்தார். ஆகவே எண்களை மறைப்பது நோயாளிக்கு இழைக்கும் தீங்கென்றால், ஓர் எண்ணை மட்டும் சொல்லி நிறுத்துவது அதற்குச் சற்றும் குறைந்த தீங்கன்று.

கட்டியின் மரபணுக் குறிகளும் இப்போது பேச்சில் இடம்பெற வேண்டியவை. எம்.ஜி.எம்.டி. என்னும் மரபணு செயலடங்கிய கட்டிகளில் டெமோசோலமைடு கூடுதலாகப் பலிக்கிறது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு முப்பது முறைக்குப் பதில் பதினைந்து முறை கதிர்வீச்சு அளிக்கும் குறுகிய முறை உண்டு. அதனுடன் மாத்திரையைச் சேர்த்தபோது இடைநிலை ஆயுள் 7.6 மாதத்திலிருந்து 9.3 மாதமாகக் கூடியதை 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது. தலையை மழித்து மின்முனைத் தகடுகளை ஒட்டி நாளொன்றுக்குப் பதினெட்டு மணி நேரம் மின்புலம் செலுத்தும் கருவி உண்டு. அதை அணிந்தவர்களுக்கு இடைநிலை ஆயுள் 20.9 மாதம், அணியாதவர்களுக்கு 16 மாதம். பெவாசிசுமாப் என்னும் ஊசிமருந்து மூளை வீக்கத்தைத் தணிக்கிறது. ஆனால் தொடக்கத்திலேயே அதைச் சேர்த்துக் கொடுப்பது ஆயுளை நீட்டவில்லை என்று 2014-இல் வந்த இரு பெரும் ஆய்வுகள் காட்டின. மெல்ல வளரும் வேறு வகைக் கிளையோமாக்களில், ஐ.டி.எச். மரபணு மாற்றம் உள்ளவற்றுக்கு வோராசிடெனிப் என்னும் மாத்திரையை அமெரிக்கா 2024 ஆகஸ்டில் ஏற்றது. கதிர்வீச்சையும் கடும் மருந்தையும் சில ஆண்டுகள் தள்ளிப்போட அது உதவக்கூடும்.

இப்பட்டியலில் ஒன்றைக் கவனிக்கவேண்டும். இவற்றுள் ஒவ்வொன்றும் எதையோ கொடுத்து எதையோ பெறும் ஒப்பந்தம். முப்பது முறை கதிர்வீச்சு என்பது மருத்துவக் குறிப்பில் ஒரு வரி. கடைக்கோடி மாவட்டத்திலிருந்து வரும் குடும்பத்துக்கு அது சென்னையிலோ வேலூரிலோ ஆறு வாரம் அறை எடுத்துத் தங்குவது, கடையை மூடுவது, பிள்ளையின் பள்ளிப்படிப்பு தடைபடுவது. வேலூரில் மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் வங்காள எழுத்திலும் பெயர்ப்பலகைகள் தொங்குவதைக் கண்டவர்களுக்கு, எவ்வளவு தொலைவிலிருந்து மக்கள் இந்த ஒப்பந்தத்துக்காக வருகிறார்கள் என்பது விளங்கும். எழுபது வயதுக்காரர் ஒருவர் எஞ்சிய மாதங்களில் ஒன்றரை மாதத்தை விடுதி அறையில் கழிக்க விரும்புவாரா, மூன்று வாரத்தோடு முடித்துக்கொண்டு வீடு திரும்ப விரும்புவாரா? இதற்கான விடை எந்த ஆய்விதழிலும் இல்லை. அது அவரிடம் மட்டுமே இருக்கிறது. அவரைத்தான் நாம் கேட்பதில்லை.

இப்போது இரண்டாவது பிழைக்கு வருகிறோம். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தின் இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறுகளாகப் பகுக்கிறது. நோயுற்றவன், நோய் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிலிருந்து அதைக் கொடுப்பவன் என்பது அதன் வரிசை. நோயாளியை முதலில் வைத்ததைச் செய்யுளின் ஓசைக்காக அமைந்ததென்று சிலர் தள்ளக்கூடும். நமக்கு அப்படித் தோன்றவில்லை. நோய் அவனுடையது, உடல் அவனுடையது. மற்ற மூன்றும் அவனுக்காக வந்தவை. இன்றைய நம் மருத்துவமனைகளில் இவ்வரிசை தலைகீழாகிவிட்டது. கூட வந்தவரிடம் எல்லாம் சொல்லப்படுகிறது, அவரே கையொப்பமிடுகிறார். நோயாளியிடம், ஒன்றுமில்லை, சின்னக் கட்டி, எடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்கிறார்கள்.

இதன் பின்னால் இருப்பது வன்மமன்று, அன்புதான் என்பதை நாம் மறுக்கவில்லை. சொன்னால் தாங்கமாட்டார் என்ற அச்சம் மெய்யானது. எல்லாவற்றையும் அறிந்துகொள்ள எல்லோரும் விரும்புவதுமில்லை. எனக்கு ஒன்றும் சொல்லவேண்டாம், என் மகளிடம் பேசுங்கள் என்று ஒருவர் சொன்னால் அதுவும் அவருடைய உரிமையே. ஆனால் அதை அவர் சொல்லவேண்டும். அவர் சார்பில் அதை நாமே கற்பனை செய்துகொள்வது அன்பின் எல்லையைக் கடந்ததாகும்.

பிற நோய்களில் இத்தவற்றைப் பின்னர்த் திருத்திக்கொள்ள இடமுண்டு. மூளைக்கட்டியில் இல்லை. முடிவெடுக்கும் உறுப்பும் நோயுற்ற உறுப்பும் இங்கு ஒன்றே. நெற்றிப்பக்க மூளையில் வளரும் கட்டி ஒருவரின் குணத்தையே மாற்றிவிடக்கூடும். இடப்பக்கத்தில் வளர்வது பேச்சைப் பறிக்கக்கூடும். ஆறு மாதம் கழித்துச் சொல்லிக்கொள்ளலாம் என்று ஒத்திவைக்கும்போது, அப்போது கேட்பதற்கு அதே மனிதர் இருப்பார் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். அந்த எண்ணத்துக்கு உத்தரவாதமில்லை. டெக்சாமெதசோன் மாத்திரை வீக்கத்தைக் குறைத்ததும் ஓரிரு நாளில் தலைவலி தணிந்து முகம் தெளியும். அத்தெளிவை நோய் நீங்கியதென்று நம்பி, விளம்பர வைத்தியத்தின் பின்னால் போய் வாரங்களை இழந்துவிடவும் வாய்ப்புண்டு. புற்றைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதையே 1954-ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது என்பதை இங்கு நினைவூட்டவேண்டும். உண்மையில் மாத்திரை தந்த அந்தத் தெளிவான நாட்கள்தாம் பேசவேண்டிய நாட்கள்.

நோயாளியின் குரலுக்கு அறுவை அரங்கினுள்ளேயே இடமளித்த வரலாறு இத்துறைக்கு உண்டு. 1884 நவம்பரில் இலண்டனில் ரிக்மன் காட்லீ ஒரு மூளைக்கட்டியை அகற்றியபோது, எங்கே கட்டி இருக்கிறதென்பதை நோயாளியின் வலிப்பையும் கைகால் தளர்ச்சியையும் வைத்தே கணித்தார்கள். கணிப்பு தவறவில்லை, ஆனால் நோயாளி நான்கு வாரத்தில் தொற்றினால் இறந்தார். உள்ளே இருப்பதைப் படமாகக் காட்டும் சி.டி. கருவி முதல் நோயாளிக்குப் பயன்பட்டது 1971-இல்தான். இடைப்பட்ட காலத்தில் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்டு, நோயாளியை விழித்திருக்கச் செய்து, மூளையின் மேற்பரப்பை மெல்லிய மின்னோட்டத்தால் தொட்டு, பேசச் சொல்லிக் கேட்டு, எந்த இடத்தைத் தொடக்கூடாது என்று குறித்துக்கொள்ளும் முறையை வளர்த்தார். 1928-இல் தம் உடன்பிறந்த சகோதரிக்கே அவர் மூளைக்கட்டி அறுவை செய்தார். சகோதரி 1931-இல் இறந்தார். அவர் நிறுவிய நரம்பியல் நிலையம் 1934-இல் திறக்கப்பட்டது. அங்குப் பயின்ற ஜேக்கப் சாண்டிதான் 1949-இல் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பு அறுவைத் துறையைத் தொடங்கியவர். அடுத்த ஆண்டு பா. ராமமூர்த்தி சென்னை அரசு பொது மருத்துவமனையில் அத்துறையைத் தொடங்கினார்.

விழித்திருக்கும் நோயாளியிடம் படங்களைக் காட்டிப் பெயர் சொல்லச் சொல்லும்போது, எந்த மொழியில் சொல்கிறார் என்பது முக்கியமாகிறது. இருமொழி பேசுவோரின் மூளையில் இரு மொழிகளுக்கும் பொதுவான இடங்களோடு, ஒன்றுக்கு மட்டுமே உரிய இடங்களும் இருப்பதை ஓஜெமனும் விட்டேக்கரும் 1978-இல் வெளியிட்டனர். ஆங்கிலத்தில் மட்டும் சோதித்துவிட்டு வெட்டினால் தமிழ் போய்விடக்கூடும் என்பது இங்கு அணியன்று, உடற்கூறு. தாய்மொழியில் சோதனை செய்யவேண்டும் என்பதை மேசைமேல் ஏற்றுக்கொள்கிற நாம், மேசைக்கு வருவதற்கு முன் நடக்கும் உரையாடலைத் தாய்மொழியில் முழுமையாக நடத்தாமலிருப்பது விந்தையே.

குணப்படுத்துவது, கட்டுப்படுத்துவது, துன்பத்தைத் தணிப்பது ஆகிய மூன்றும் வேறு வேறு நோக்கங்கள். தமிழில் மூன்றுக்கும் தெளிவான சொற்கள் இருக்கின்றன. ஆயினும் பேச்சில் மூன்றையும் வைத்தியம் என்ற ஒரே சொல்லுக்குள் போட்டு மூடிவிடுகிறோம். தணிப்பு மருத்துவம் என்றால் கைவிட்டுவிட்டார்கள் என்றே பொருள்கொள்கிறோம். வலியும் வலிப்பும் வாந்தியும் இல்லாமல் ஒருவரை அவர் வீட்டில் அவருடைய மனிதர்களிடையே இருக்கச் செய்வது கைவிடுதலாகாது. முதல்நாள் முதலே மற்ற சிகிச்சைகளோடு உடன்செல்ல வேண்டிய மருத்துவம் அது.

தெரிவு என்பது எப்படி இருக்கும் என்பதற்கு இரு அமெரிக்க செனட்டர்கள் சான்று. எட்வர்டு கென்னடிக்கு 2008 மே மாதத்தில் நோய் கண்டறியப்பட்டது. ஜூனில் விழித்த நிலையில் அறுவை, பிறகு கதிர்வீச்சும் மருந்தும். அவ்வாண்டு ஜூலையில் வாக்களிக்க அவைக்கு வந்தார். ஆகஸ்டு 25-இல் கட்சி மாநாட்டில் பேசினார். சரியாக ஓராண்டு கழித்து 2009 ஆகஸ்டு 25-இல் இறந்தார். ஜான் மெக்கெய்னுக்கு 2017 ஜூலையில் அறுவை. இரு வாரத்தில் அவைக்குத் திரும்பி, தம் கட்சியின் மருத்துவக் காப்பீட்டு மசோதாவுக்கு எதிராக வாக்களித்தார். 2018 ஆகஸ்டு 24-இல் அவர் சிகிச்சையை நிறுத்திக்கொள்ளத் தீர்மானித்ததாகக் குடும்பத்தார் அறிவித்தனர், மறுநாள் மறைந்தார். உலகின் உயர்ந்த மருத்துவம் இருவருக்கும் கிடைத்தது. இருவரையும் அது காப்பாற்றவில்லை. ஆனால் தங்களுக்கு இருப்பது இன்ன நோய், எஞ்சியது இவ்வளவு காலம் என்று இருவரும் அறிந்திருந்தார்கள். எஞ்சிய நாட்களை எதற்குச் செலவிடுவது, எப்போது நிறுத்துவது என்பது அவர்கள் கையில் இருந்தது.

செனட்டர்களுக்குரியது நம் ஊர் மளிகைக் கடைக்காரருக்கும் சத்துணவு ஆயாவுக்கும் உரியதில்லையா? சட்டம் உரியது என்றே சொல்கிறது. தாம் பேசமுடியாத நிலை வரும்போது எத்தகைய சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே எழுதிவைக்கும் உரிமையை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச்சில் ஏற்றது. நீதித்துறை நடுவர் முன்னிலையில்தான் கையொப்பமிட வேண்டும் என்றிருந்த சிக்கலை 2023 ஜனவரியில் நீக்கி, இரு சாட்சிகளோடு நோட்டரி அல்லது அரசிதழ்ப் பதிவுபெற்ற அதிகாரியின் சான்று போதும் என்று எளிமைப்படுத்தியது. பேச்சும் தெளிவும் பறிபோகக்கூடிய மூளைக்கட்டி நோயாளிக்கே இவ்வுரிமை மற்றெவரையும்விட முதலில் தேவை.

நாம் கேட்பது பெரிதொன்றுமில்லை. இது எந்த வகைக் கட்டி, மரபணுச் சோதனை செய்யப்பட்டதா, இந்தச் சிகிச்சையின் நோக்கம் குணப்படுத்துவதா கட்டுப்படுத்துவதா தணிப்பதா, இதற்கு எத்தனை நாளும் எவ்வளவு பணமும் வேண்டும், செய்யாவிட்டால் என்ன ஆகும் என்னும் கேள்விகளை நோயாளியின் முன்னிலையில், அவருடைய மொழியில், அறுவைக்கு நாள் குறிக்கும் முன்னரே கேட்கும் வழக்கம் நம் குடும்பங்களில் வரவேண்டும். மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பது உண்மை. எனினும் கேட்கப்படாத கேள்விக்கு விடை சொல்ல எந்த மருத்துவராலும் முடியாது.

இலக்கியம் வாசிப்பவர்களாகிய நமக்கு இதில் ஒரு கடமை உண்டு. கண்ணாடியைக் கழற்றும் மருத்துவரையும் கதவுக்கு வெளியே காத்திருக்கும் கதாநாயகியையும் நம் எழுத்துகள் ஊட்டி வளர்த்தன. இனி எழுதும் கதையில் அவளையும் அந்த அறைக்குள் அழைத்து நாற்காலியில் அமரச் செய்யலாம். அவள் அழக்கூடும், கேள்வி கேட்கவும் கூடும். அதன்பின் கதை எப்படிப் போகவேண்டும் என்பதை அவளே சொல்லட்டும்.